லிவர்பூலும் மான்ஸ்ஃபீல்டும்: பிரிட்டிஷ் தொழிலாளியும் கன்சர்வேடிவ் ஆட்சியும்



1895-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் வடகிழக்கு பெத்னல் கிரீன் தொகுதியில் வந்த முடிவிலிருந்து தொடங்குகிறேன். கிழக்கு லண்டனின் ஏழைத் தொகுதி அது. மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள், பட்டு நெசவின் கடைசித் தலைமுறையினர், செருப்புத் தைப்பவர்கள் என்று உழைப்பவர்களே அங்கே நிறைந்திருந்தார்கள். பத்தாண்டுகளாக அதன் உறுப்பினராக இருந்தவர் ஜார்ஜ் ஹோவெல். கொத்தனாராக வேலை பார்த்தவர். தொழிற்சங்கப் பேரவையின் நாடாளுமன்றக் குழுவுக்குச் செயலாளராக உயர்ந்தவர். லிபரல் கட்சியோடு சேர்ந்து நின்றவர். அந்தத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் மஞ்சர்ஜி பாவ்நகரி என்னும் பம்பாய்ப் பார்சி வழக்கறிஞர். அவர் நின்றது கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில். அதே தேர்தலில், லண்டனின் இன்னொரு தொகுதியில், லிபரல் கட்சியின் தாதாபாய் நௌரோஜி தோற்றார். பாவ்நகரி 1900-இலும் வென்று 1906 வரை அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்தார்.

ஹோவெலுக்கு அந்தத் தோல்வி ஆறவே இல்லை. நாடாளுமன்றத்தில் பத்தாண்டு பாடுபட்ட தன்னை, இந்தியாவிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒரு கறுப்பு மனிதர் வெளியேற்றிவிட்டாரே என்று அவர் மனம் நொந்து சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தச் சொல்லில் இருக்கும் நிறவெறியை நாம் கடந்து போக முடியாது. ஆயினும் அவருடைய வியப்பில் ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. கொத்தனார் ஒருவரை, தங்கள் சங்கத்து மனிதரை விட்டுவிட்டு, பெத்னல் கிரீன் தொழிலாளர்கள் ஏன் செல்வந்தர்களின் கட்சிக்கு வாக்களித்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பிரிட்டனில் ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டு வாக்காளர்களில் பெரும்பான்மையோர் உடலுழைப்புத் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்துவந்தார்கள். அந்தக் கட்சி பெற்ற வாக்குகளில் சுமார் பாதி அவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் இல்லாவிட்டால் பால்ட்வின், மாக்மில்லன், தாட்சர் எவருடைய ஆட்சியும் இல்லை. ஆகவே இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் அரசியலின் மையமே இதுதான் என்று நான் கருதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. ஒன்று, பெரிய இடத்து மனிதர்கள்மீது ஏழைகளுக்கு இருக்கும் பணிவு. 1867-இல் வால்டர் பாஜட் எழுதியதிலிருந்து இந்த விளக்கம் தொடர்ந்து வருகிறது. தொழிலாளர் கூட்டம் என்னும் பளிங்குக் கல்லுக்குள் ஒரு கன்சர்வேடிவ் தேவதை ஒளிந்திருப்பதை டிஸ்ரேலி கண்டார் என்று டைம்ஸ் நாளேடு எழுதியது; அந்த உருவகத்தையே தலைப்பாக்கி ராபர்ட் மெக்கன்சியும் ஆலன் சில்வரும் 1968-இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். இரண்டாவது விடை, தொழிலாளர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்பது. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனிதர் நம் எதிர்பார்ப்புக்கு மாறாக வாக்களித்தால் அதை அவருடைய குணக்கோளாறாகவோ அறிவுக்குறைவாகவோ இரண்டும் காட்டிவிடுகின்றன. அவர் குடியிருக்கும் வீடு, வேலை செய்யும் இடம், வழிபடும் கோயில், மாலையில் போய் உட்காரும் இடம், அவர் ஊருக்கு அரசு என்ன செய்தது என்பது, இவற்றையெல்லாம் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கன்சர்வேடிவ் கட்சி தொழிலாளிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் வரலாறு அல்ல. 1867-இல் நகரத் தொழிலாளர்களில் பெரும்பகுதிக்கு வாக்குரிமை தந்தது டெர்பி பிரபுவின் கன்சர்வேடிவ் அரசு. அதை அவையில் நிறைவேற்றியவர் டிஸ்ரேலி. அக்காலத்தில் வேலை ஒப்பந்தத்தை மீறிய முதலாளி நட்டஈடு கட்டினால் போதும். அதே ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி சிறைக்குப் போகலாம். அந்த அநீதியை 1875-இல் ஒழித்தது டிஸ்ரேலியின் அரசு. அமைதியான மறியலையும் அதே ஆண்டின் சட்டம் அனுமதித்தது. லிபரல் அரசு 1872-இல் மதுக்கடைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, தொழிலாளி மாலையில் கூடிப் பேசும் இடத்தில் கை வைப்பதாகவே அவர் உணர்ந்தார். ஒழுக்கம் போதிக்க வந்தவர்களைவிடத் தம்மைத் தம் போக்கில் விட்டவர்கள் மேல் என்று பலருக்குத் தோன்றியது. 1883-இல் தொடங்கிய பிரிம்ரோஸ் லீக் ஆண், பெண் இருபாலரையும் சேர்த்துக்கொண்டு, தேநீர் விருந்தும் கண்காட்சியும் சுற்றுலாவும் நடத்தி, 1890-களில் பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களைக் கண்டது. பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் அவர்களைத் திரளாகக் கட்சிப் பணிக்குள் கொண்டுவந்த அமைப்பு அது. இந்த நட்புறவுகளின் அரசியலை ஹோவெலைப் போன்றவர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரே ஊரில் முழுமையாகப் பார்க்கலாம். அந்த ஊர் லிவர்பூல்.

இன்றைய இளைஞர்களுக்கு லிவர்பூல் என்றால் கால்பந்தும், பீட்டில்ஸும், அசைக்க முடியாத தொழிற்கட்சிக் கோட்டையும் நினைவுக்கு வரும். ஆனால் 1841-க்கும் 1955-க்கும் இடையே மிகப் பெரும்பாலான காலம் அந்த மாநகராட்சி கன்சர்வேடிவ்களின் கையில் இருந்தது. தொழிற்கட்சி அங்கே முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்றதே 1955-இல்தான். மான்செஸ்டரும் ஷெஃபீல்டும் எப்போதோ மாறிவிட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த லிவர்பூல் மாறவில்லை.

காரணம் மதம். 1840-களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி லிவர்பூலில் இறங்கினார்கள். பலர் அங்கேயே தங்கினார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். முன்பே இருந்த தொழிலாளர்கள் புராட்டஸ்டன்டுகள். துறைமுக வேலை அன்றாடக் கூலி வேலை. காலையில் போய் வரிசையில் நின்றால் மேஸ்திரி பொறுக்கி எடுப்பார். எடுக்கப்பட்டவருக்கு அன்று சோறு உண்டு, மற்றவருக்கு இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் யார் எந்தத் தெரு, எந்தக் கோயில் என்பது வயிற்றுப் பிரச்சினையாகிவிடும். கத்தோலிக்கத் தெருக்கள் நிறைந்த, ஸ்காட்லாந்து என்னும் பெயர் கொண்ட நகரத் தொகுதி 1885 முதல் 1929 வரை டி. பி. ஓ'கானர் என்னும் ஐரிஷ் தேசியவாதியைத் தொடர்ந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தில் வேறெந்தத் தொகுதியும் அப்படிச் செய்ததில்லை. எதிர்ப்புறத்தில், புராட்டஸ்டன்டுத் தெருக்களை ஆரஞ்சு சங்கங்களும் தொழிலாளர் கன்சர்வேடிவ் சங்கமும் ஒன்றுதிரட்டின. அந்தச் சங்கத்தை 1890-களிலிருந்து நடத்தியவர் ஆர்ச்சிபால்ட் சால்விட்ஜ், மது வடிப்பாலை ஒன்றின் நிர்வாகி. பெரிய குடும்பத்து மனிதர்கள் கைகாட்டியவருக்கு வாக்குப் போடும் கூட்டமாக அந்தச் சங்கம் இருக்கவில்லை. நகரக் கட்சியில் யார் வேட்பாளர் என்பதில் அதன் குரலை மீற முடியாத நிலையை சால்விட்ஜ் உண்டாக்கினார். பணிவுக் கோட்பாட்டை நான் ஏற்காததற்கு லிவர்பூலே முதல் காரணம்.

மாநகராட்சி வேலையும் செய்தது. நாட்டின் முதல் நகராட்சி மருத்துவ அதிகாரியை நியமித்தது லிவர்பூல், 1847-இல். நகராட்சியே கட்டி வாடகைக்கு விட்ட இங்கிலாந்தின் முதல் தொழிலாளர் குடியிருப்பு என்று சொல்லப்படும் செயின்ட் மார்ட்டின்ஸ் குடியிருப்பு எழுந்ததும் அங்கேதான், 1869-இல்.

லிவர்பூலின் வால்ட்டன் தொகுதி 1906 முதல் 1918 வரை தேர்ந்தெடுத்தவர் எஃப். இ. ஸ்மித். பின்னாளில் பர்க்கன்ஹெட் பிரபுவாகி, 1924 முதல் 1928 வரை இந்திய விவகார அமைச்சராக இருந்தார். ஓர் இந்தியர்கூட இல்லாத சைமன் கமிஷனை அமைத்தவர் அவரே. சென்னையில் கறுப்புக் கொடி காட்டப்பட்ட கமிஷனுக்கும், லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் மூட்டை தூக்கியவர்களின் வாக்குக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. அயர்லாந்துக்கு சுயாட்சி தரக் கூடாது என்ற உணர்ச்சிதான் அவரை அங்கே நாயகனாக்கியது. ஐரிஷ்காரர் தாழ்ந்தவர், பேரரசு நம்முடையது என்ற எண்ணம் ஒரு கூலித் தொழிலாளிக்கும் ஒரு மேன்மையைத் தந்தது. பிரிட்டிஷ் தொழிலாளர் வரலாற்றை எழுதும் நண்பர்கள் இதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாம், அந்தப் பேரரசின் கீழ் இருந்தவர்கள், அப்படிக் கடந்துபோகக் கூடாது.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1900-இல் தொழிற்கட்சியின் விதை ஊன்றப்பட்டது. 1926-இல் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தது. மறு ஆண்டு பால்ட்வின் அரசு சங்கங்களின் கையைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1931-இல் கன்சர்வேடிவ்கள் மேலோங்கிய தேசிய அரசு 554 இடங்களில் வென்றது. தொழிற்கட்சிக்கு 52 இடங்கள். அத்தனை பெரிய வெற்றி தொழிலாளர் வாக்கு இல்லாமல் வந்திருக்க முடியாது. அதன் பிறகு வந்த வருமானச் சோதனை அந்தத் தலைமுறையால் மறக்க முடியாததாயிற்று. உதவித்தொகை கேட்ட குடும்பத்தின் வீட்டுக்குள் அதிகாரி வந்து, என்ன சாமான் இருக்கிறது, மகன் என்ன சம்பாதிக்கிறான் என்று கணக்கெடுப்பார். 1936 அக்டோபரில் ஜாரோ என்னும் கப்பல் கட்டும் ஊரிலிருந்து 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தார்கள். அவர்களைச் சந்திக்கப் பிரதமர் பால்ட்வின் மறுத்தார். நடந்துபோன நாட்களில் அவர்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று சொல்லி உதவித்தொகையையும் பிடித்துக்கொண்டார்கள். 1945-இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்த 393 இடங்களில் இந்த நினைவுகளுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பாடத்தைக் கன்சர்வேடிவ் கட்சியில் சிலர் நன்றாகப் படித்தார்கள். ஹெரால்ட் மாக்மில்லன் வேலையின்மை வாட்டிய ஸ்டாக்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். 1951-இல் வீட்டு வசதி அமைச்சரானதும் ஆண்டுக்கு 3 லட்சம் வீடுகள் என்ற இலக்கை ஏற்று 1953-இல் எட்டிக் காட்டினார். அவற்றில் பெரும்பகுதி நகராட்சி வாடகை வீடுகள். சங்கங்களோடு மோதவில்லை, தேசிய மருத்துவச் சேவையைக் கலைக்கவில்லை. 1955-இல் லிவர்பூலின் ஒன்பது தொகுதிகளில் ஆறு கன்சர்வேடிவ்களிடம் இருந்தன; ஸ்காட்லாந்து நாட்டில் பதிவான வாக்குகளில் பாதிக்குச் சற்று மேலாகவே அந்தக் கட்சிக்குக் கிடைத்தது. 1959-இல் மூன்றாவது தொடர் வெற்றி வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியும் சலவை இயந்திரமும் வாங்கிய தொழிலாளி இனித் தொழிற்கட்சியை நாடமாட்டார் என்று பலரும் எழுதினார்கள். ஜான் கோல்ட்தார்ப், டேவிட் லாக்வுட் முதலிய சமூகவியலாளர்கள் லூட்டன் நகரத்தின் கார்த் தொழிற்சாலை உள்ளிட்ட மூன்று ஆலைகளின் தொழிலாளர்களிடம் போய்க் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கிய அந்த மனிதர்கள் பெரும்பான்மையாகத் தொழிற்கட்சிக்கே வாக்களித்தார்கள். வசதி வந்தால் கட்சி மாறும் என்ற எளிய கணக்கு அங்கேயே தவறிவிட்டது.

இனித் தாட்சர் காலம். 1979 மே மாதத் தேர்தலில் கைத்தொழில் திறன் பெற்ற தொழிலாளர்கள் பெருமளவில் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தின் வேலைநிறுத்தங்கள் ஒரு காரணம். வீடு இன்னொரு காரணம். அப்போது மூன்றில் ஒரு பங்கு குடும்பங்கள் நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தன. மூன்றாண்டு குடியிருந்தவர் அந்த வீட்டைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியோடு வாங்கலாம், நெடுநாள் இருந்தவருக்குப் பாதி வரை தள்ளுபடி என்று 1980-இன் சட்டம் சொன்னது. இங்கிலாந்தில் மட்டும் அதன் பிறகு ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின. வாசற்கதவுக்குத் தம் விருப்பப்படி வண்ணம் பூசக்கூட நகராட்சியின் அனுமதி தேவைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பத்திரம் என்னவாக இருந்திருக்கும் என்பதை, சொந்த வீட்டுக்காக ஆயுள் முழுவதும் சீட்டுக் கட்டும் நம் நாட்டு மக்கள் எளிதில் உணர்வார்கள். விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் பெருங்குற்றம். வாங்கியவருடைய பிள்ளைகள் இன்று தனியாரிடம் கூடுதல் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் வாங்கியவரைப் பேராசைக்காரர் என்று ஏசிய இடதுசாரிகள் தங்கள் மக்களையே அவமதித்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

1982-இல் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். அப்படியிருந்தும் 1983-இல் தாட்சர் 397 இடங்களோடு திரும்பி வந்தார். தொழிற்சங்க உறுப்பினர்களிலேயே பத்தில் மூன்று பேர் அவருடைய கட்சிக்கு வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது.

நாட்டிங்ஹாம்ஷயரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த மாவட்டத்துச் சுரங்கங்களில் நிலக்கரி அடர்ந்து கிடந்தது, இயந்திரங்கள் புதியவை, சம்பளம் நல்லது. மூடப்போகும் சுரங்கங்கள் யார்க்ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கின்றன, நம்முடையவை தப்பிவிடும் என்று அங்கே பலர் நம்பினார்கள். தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமல் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாட்டிங்ஹாம்ஷயர் தானே வாக்கெடுத்தது. பெரும்பான்மையோர் வேலைக்குப் போவோம் என்றார்கள். 1926-இலும் இதே மாவட்டத்தில் ஜார்ஜ் ஸ்பென்சர் தலைமையில் ஒரு பிரிவுச் சங்கம் உருவாகியிருந்தது. பழைய காயம் திறந்தது. யார்க்ஷயர்த் தொழிலாளர்கள் மறியலுக்கு வந்தார்கள்; ஆயிரக்கணக்கான காவலர்கள் சாலைகளை அடைத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் வேலைநிறுத்தத்தில், தம்பி வேலையில் என்று குடும்பங்கள் உடைந்தன. கருங்காலி என்ற சொல் அந்தக் கிராமங்களில் நாற்பது ஆண்டு கழித்தும் ஆறவில்லை. ஓராண்டு போராடி 1985 மார்ச்சில் தொழிலாளர்கள் கொடி பிடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய போராட்டத்தில் கைதானவர்கள் 11 ஆயிரத்துக்கும் மேல்.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களை உள்நாட்டு எதிரிகள் என்று பேசினார் தாட்சர். 1984 நவம்பரில் 90 வயது மாக்மில்லன் மேலவையில் எழுந்து, கெய்சரின் படையையும் ஹிட்லரின் படையையும் வென்ற உலகின் மிகச் சிறந்த மனிதர்கள் இவர்கள் என்று மனம் கசிந்து பேசினார். ஒரே கட்சியின் இரண்டு பிரதமர்கள். தொழிலாளியைப் பற்றிய இரண்டு பார்வைகள். கட்சி இரண்டாவது பார்வையைக் கைவிட்டது.

வேலைக்குப் போனவர்களுக்கு என்ன நடந்தது? அவர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அரசு நம்மைக் கைவிடாது என்று நம்பினார்கள். 1992 அக்டோபரில், இருந்த 50 சுரங்கங்களில் 31 மூடப்படும், 30 ஆயிரம் பேருக்கு வேலை போகும் என்று கன்சர்வேடிவ் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அறிவித்தார். பட்டியலில் நாட்டிங்ஹாம்ஷயர்ச் சுரங்கங்களும் இருந்தன. தனிச் சங்கத்தின் தலைவர் ராய் லிங்க் சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். அங்கே கடைசியாக எஞ்சிய தோர்ஸ்பி சுரங்கம் 2015-இல் மூடப்பட்டது.

இப்போது இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2017 ஜூன் 8-ஆம் நாள் தேர்தலில் லிவர்பூல் வால்ட்டன் தொகுதி, எஃப். இ. ஸ்மித்தின் பழைய தொகுதி, 1964 வரை கன்சர்வேடிவ்களிடம் இருந்த தொகுதி, தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு 85-க்கும் மேல் வாக்களித்தது. அதே இரவில் நாட்டிங்ஹாம்ஷயரின் மான்ஸ்ஃபீல்டு, 1885-இல் உருவானதிலிருந்து ஒரு கன்சர்வேடிவ் உறுப்பினரைக்கூட அனுப்பாத சுரங்கத் தொகுதி, முதன்முறையாக அந்தக் கட்சியைத் தேர்ந்தெடுத்தது. 1987-லேயே அங்கே தொழிற்கட்சி வென்றது வெறும் 56 வாக்குகளில்.

இரண்டு ஊர்களையும் கன்சர்வேடிவ் ஆட்சி அடித்தது. ஏன் ஓர் ஊர் அந்தக் கட்சியை வேரோடு வெறுத்தது, மற்றோர் ஊர் அதன் கையைப் பிடித்தது?

லிவர்பூல் ஒன்றாக அடிபட்டது. போருக்குப் பின் சேரிகளை இடித்து மக்களைக் கிர்க்பிக்கும் ஸ்பீக்குக்கும் குடிபெயர்த்தபோது புராட்டஸ்டன்டுத் தெரு, கத்தோலிக்கத் தெரு என்ற வரைபடம் கலைந்தது. துறைமுகம் சுருங்கியது. ஆலைகள் மூடின, ஸ்பீக்கின் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டது 1978-இல், தொழிற்கட்சி ஆட்சியில் என்பதையும் சொல்லவேண்டும். 1981-இல் டாக்ஸ்டெத் கலவரத்துக்குப் பிறகு, லிவர்பூலைத் தூக்கி நிறுத்தப் பணம் கொட்ட வேண்டுமா, மெல்லத் தேய விட்டுவிடலாமே என்று நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் பிரதமருக்கு எழுதினார். ஹெசல்டைன் அதை எதிர்த்து நகரத்துக்காக வாதாடினார். முப்பதாண்டு கழித்து அந்தக் கடிதம் வெளிவந்தபோது, நகரம் முன்பே அறிந்திருந்ததை அது உறுதிசெய்தது. 1989 ஏப்ரல் 15-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் பறிபோயின. பழியை ரசிகர்கள்மீதே காவல்துறையும் ஒரு நாளேடும் சுமத்தின. ரசிகர்கள்மீது தவறில்லை, அவை சட்டவிரோதக் கொலைகள் என்று 2016-இல்தான் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 27 ஆண்டுகள் அந்தத் தாய்மார்கள் விடாமல் போராடினார்கள். எவர்ட்டன் ரசிகரும் லிவர்பூல் ரசிகரும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் அவர்களோடு நின்றார்கள். நூறாண்டுப் பகை கொண்ட ஊரை ஓர் ஊராக்கியது அந்தப் பொதுத் துயரம்.

மான்ஸ்ஃபீல்டு பிரிந்து அடிபட்டது. முதலில் அண்ணன் தம்பியை ஏசினார். பிறகு இருவருக்கும் வேலை போனது. யார்மீது கோபம் கொள்வது என்பதிலேயே உடன்பாடு இல்லை. வேலைநிறுத்தம் செய்தவருக்குத் தாட்சர்மீது கோபம். வேலைக்குப் போனவருக்கு ஸ்கார்கில்மீதும் தொழிற்கட்சிமீதும் கோபம். சுரங்கத்தோடு சேர்ந்து சங்கக் கிளை, நலமன்றம், வாத்தியக் குழு எல்லாம் மெலிந்தன. ஒரு கட்சியின் நினைவைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்திய இடங்கள் அவை. சற்றுத் தள்ளி ஷைர்புரூக்கில் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் மாபெரும் கிடங்கு எழுந்தது. முகவர்கள் வழியாக, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை, உத்தரவாதமான வேலைநேரம் இல்லாமல் அங்கே அமர்த்தினார்கள். அந்த நிலைமைகளை நாடாளுமன்றக் குழு 2016-இல் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில் மான்ஸ்ஃபீல்டும் ஷைர்புரூக் அடங்கிய போல்சோவரும் நூற்றுக்கு 70-க்கு மேல் விலகச் சொன்னது தற்செயல் அல்ல. லிவர்பூல் தொடரச் சொன்னது.

என் விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. டர்ஹமும் நார்தம்பர்லாந்தும் தெற்கு யார்க்ஷயரும் 1984-இல் ஒன்றாகவே நின்றன. ஆயினும் 2019 டிசம்பர் 12-இல் பிளைத் வேலி, பிஷப் ஆக்லண்ட், டான் வேலி, டோனி பிளேரின் பழைய செட்ஜ்ஃபீல்டு எல்லாம் போரிஸ் ஜான்சனின் கட்சிக்குப் போயின. அந்தத் தேர்தலில் உடலுழைப்பு வகுப்பினரிடம் கன்சர்வேடிவ் கட்சி தொழிற்கட்சியைத் தெளிவாக முந்தியது என்று கருத்துக்கணிப்புகள் காட்டின. ஆகவே ஒன்றாக அடிபடுவது மட்டும் போதாது. அந்த நினைவைச் சுமக்க அடுத்த தலைமுறை அந்த ஊரில் இருக்கவேண்டும். லிவர்பூலில் பல்கலைக்கழகங்கள் உண்டு, இளைஞர்கள் உண்டு, புதிய வேலைகளும் ஓரளவு வந்தன. சுரங்க ஊர்களில் படித்த பிள்ளைகள் வெளியேறினார்கள். எஞ்சியவர்களுக்கு வயதாயிற்று, பலருக்குச் சொந்த வீடு இருந்தது. 1997 முதல் 13 ஆண்டு ஆண்ட தொழிற்கட்சி மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டியது. மூடிய சுரங்கத்தின் இடத்தில் சுரங்கத்துக்கு ஈடான வேலையைக் கொண்டுவரவில்லை. கன்சர்வேடிவ்களுக்கு அங்கே வாக்களித்தவர்களில் பலர் பழைய பகையை மறந்து வாக்களிக்கவில்லை என்பது என் எண்ணம். தங்கள் கட்சி தங்களை மறந்துவிட்டது என்பதற்காக வாக்களித்தார்கள்.

அந்த வாக்கு ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. பின்தங்கிய ஊர்களைச் சமன்படுத்துவதாக ஜான்சன் வாக்குறுதி அளித்த திட்டங்களில் ஊர் கண்ணுக்குத் தெரிந்தவை குறைவு. 2022-இல் லிஸ் டிரஸ் அரசின் வரவுசெலவு அறிவிப்பு வீட்டுக் கடன் வட்டியை ஏற்றியது. வீட்டைக் காட்டி வென்ற கட்சி வீட்டைக் கொண்டே இழந்தது. 2024 ஜூலையில் அதற்குக் கிடைத்தவை 121 இடங்கள், அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. மான்ஸ்ஃபீல்டு தொழிற்கட்சிக்குத் திரும்பியது. ஆனால் அடுத்த தொகுதியான ஆஷ்ஃபீல்டைப் பாருங்கள். அங்கே லீ ஆண்டர்சன் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். தொழிற்கட்சிக் கவுன்சிலராக இருந்தவர். 2019-இல் கன்சர்வேடிவ் உறுப்பினரானவர். 2024-இல் ரிஃபார்ம் என்னும் வலதுசாரிக் கட்சியின் சார்பில் வென்றார். தாட்சர் காலத்துக் கன்சர்வேடிவ் தொழிலாளியின் அடையாளமாக விளங்கிய பாசில்டனின் தென்பகுதித் தொகுதியையும் ரிஃபார்ம் கட்சி பிடித்தது. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்ட மன்றம் கன்சர்வேடிவ்களிடமிருந்து அந்தக் கட்சிக்குப் போனது. 1919-இல் தொழிற்கட்சி முதன்முதலாகக் கைப்பற்றிய மாவட்ட மன்றமான டர்ஹமும் அதனிடமே போனது.

1867 முதல் ஏதேனும் ஒரு வழியில் தன்னிடம் வைத்திருந்த அந்த மூன்றில் ஒரு பங்குத் தொழிலாளர் வாக்கைக் கன்சர்வேடிவ் கட்சி இன்று இழந்துகொண்டிருக்கிறது. முதலில் மதத்தாலும் பேரரசாலும், பிறகு வீட்டாலும், கடைசியாகப் பிரெக்ஸிட்டாலும் அது அவர்களைப் பிணைத்தது. முதல் இரண்டும் போய்விட்டன, விற்பதற்கு இனி நகராட்சி வீடுகள் அதிகம் இல்லை, பிரெக்ஸிட் முடிந்துவிட்டது. தொழிற்கட்சிக்கு அந்த வாக்குகள் தானாக வந்து சேரும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2024-இல் அது 400-க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது நூற்றுக்கு 34-க்கும் குறைவான வாக்குகளில். ஒரு சங்கக் கிளையோ நலமன்றமோ நடந்துபோகும் தூரத்தில் இல்லாத தெருக்களில் எந்தக் கட்சி போய் உட்காரப் போகிறது என்பதை ஆய்வு மாணவர்கள் நூலகத்தில் மட்டும் தேடாமல் மான்ஸ்ஃபீல்டிலும் ஷைர்புரூக்கிலும் போய்க் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.